பதிவுத் திருமணம்

கவாய் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெட்ரிகுலேசி முடிவு வந்தது. கோகிலாவுக்கு இடம் இல்லை.

தனபாலன் அப்போது வீட்டுப் பின்புறம் உட்கார்ந்து ஆட்டிறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். மிரியில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர். சுங்கை சிப்புட்டிலிருந்து இளவயதில் கடல் தாண்டி வேலைக்கு வந்து, செண்டி என்ற இபான் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். கவாய் இபான்களின் அறுவடைத் திருநாள். ஆனால் அந்த வீட்டில் கவாய் என்றால் தனபாலனின் ஆட்டுக்கறிதான் என்று தெருவுக்கே தெரியும். மகள் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். கையெல்லாம் ரத்தமாக இருந்ததால் தொடாமலே படித்தார்.

"கிடைக்கலையா?"

"அதான போட்டிருக்கு."

"பத்துப் பாடத்துலயும் ஏ எடுத்தும் கிடைக்கலையா?"

"நான் எடுத்தா கிடைக்காதுப்பா. அண்ணன் எடுத்தா கிடைக்கும். அவன் ஆறு ஏ எடுத்தே கிடைச்சுதே."

கோகிலா அழவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். தனபாலன்தான் ஒரே எலும்பை வெகுநேரம் கொத்திக்கொண்டிருந்தார்.

மெட்ரிகுலேசி ஓராண்டுப் படிப்பு. முடித்தால் மருத்துவக் கல்லூரிக்கு நேர்ச்சாலை. கிடைக்காதவர்கள் பள்ளிக்கே திரும்பிப் போய் ஆறாம் படிவம் சேர்ந்து எஸ்.டி.பி.எம். என்ற பெரிய பரீட்சையோடு மல்லுக்கட்ட வேண்டும். அதில் முழுப் புள்ளி வாங்கிய பிறகும் மருத்துவத்துக்குப் பதிலாக மீன்வளம் படிக்கச் சொல்லிக் கடிதம் வந்த பிள்ளைகளை அவருக்குத் தெரியும். நேர்ச்சாலையில் பத்தில் ஒன்பது இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மண்ணின் மைந்தர் என்று அரசாங்கம் கணக்கு வைத்திருக்கும் மலாய்க்காரர், இபான் முதலானவர்களுக்கு. மிச்சத்தைச் சீனரும் இந்தியரும் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு பூமிபுத்ரா இருந்தான். மூத்தவன் ரங்காவ், மருத்துவம் மூன்றாம் ஆண்டு. அவன் பிறந்தபோது தனபாலனுக்கும் செண்டிக்கும் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் செண்டியின் ஊர் நீளவீட்டில் இபான் முறைப்படி கல்யாணம் ஆகியிருந்தது, அரசாங்கத்தில் பதிந்திருக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் அது கல்யாணமே இல்லை. எனவே பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. இனம், தாயின் இனம்: இபான். அடுத்த வருடம் தனபாலன் ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, செண்டியைக் கூட்டிப்போய் முறைப்படி பதிந்துவிட்டு வந்தார். பிறகு கோகிலா பிறந்தாள். தகப்பன் பெயர் தனபாலன். இனம், இந்தியர்.

ஒழுங்காக நடந்துகொண்டதற்குக் கிடைத்த கூலி அது. இத்தனை வருடமும் அது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாக இருந்தது. பட்டறை உணவுக்கடையில் தமிழ்ப் பையன்கள் கோட்டாவைத் திட்டும்போது தனபாலன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பார். மகன் சேர்ந்தபோது அது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. மகளுக்குக் கிடைக்காதபோது அநியாயமாகப் படுகிறது. இரண்டுக்கும் நடுவில் சட்டம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இதை அவரே யோசித்துப் பார்த்து, வெட்கப்பட்டு, மேற்கொண்டு யோசிக்காமல் கறிக்கு மஞ்சள் தடவினார்.

கவாய் அன்று வாசல் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், துவாக் குடிக்கலாம். துவாக் செண்டி வடித்த அரிசி மது. இனிப்பாக இறங்கிக் காலை வாரிவிடும். மதியத்துக்கு மேல், வந்தவர்களெல்லாம் போய் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு லிங், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீனர். இன்னொருவர் செண்டியின் அண்ணன் ஜெலியான், மர லாரிகளுக்கு மெக்கானிக். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். அவர்களோடு பேச்சு மலாயில்தான்.

"மச்சான், பிள்ளைக்கு இடம் கிடைக்கலைன்னு செண்டி சொன்னா," என்றார் ஜெலியான்.

"கிடைக்கல."

"வா, எங்க கூட்டத்துக்கு," என்று லிங் கோகிலாவைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கினார். "என் மகனும் இப்பிடித்தான். எல்லாப் பாடத்துலயும் முதல். கடைசியில என்ன ஆச்சு? இருந்த ரெண்டு கடையில ஒண்ண வித்து மெல்போர்ன் அனுப்பினேன். இப்ப அங்க உக்காந்து வெள்ளைக்காரக் கிழவிங்களுக்கு பிரஷர் பாக்குறான்."

"இங்கயே படிச்சிருந்தா மட்டும் உன் மகன் எங்க ஆத்துக்கு மேல, காட்டு ஊருக்கு டாக்டரா வந்திருப்பானா?" என்று கேட்டார் ஜெலியான்.

"வந்திருக்க மாட்டான். கொசு கடிச்சா அழுவான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"நீ என்ன சொல்றே? வர மாட்டேன்னு சொல்றதுக்காச்சும் அவனுக்கு ஒரு எடம் குடுத்திருக்கணும்ல. உங்க ஆளுங்க எல்லாரும் ஆத்துக்கு மேல போயா உக்காந்திருக்காங்க?"

ஜெலியான் ஒரு கோழித்துண்டை எடுத்துக் கடித்தார். "எங்க பக்கத்து கிளினிக்குக்கு வர்ற டாக்டரு மாத்தல் கடிதத்தப் பையில வச்சுக்கிட்டுதான் வருவாரு. எங்க அம்மா நெஞ்சுவலின்னு போனப்ப, அங்க தரை கழுவுறவன்தான் அவங்க சொன்னத டாக்டருக்கு மலாய்ல சொன்னான். அவனுக்குப் பாதி புரிஞ்சுது. டாக்டருக்கு அதுல பாதி. கால்வாசி நெஞ்சுவலிக்கு மருந்து குடுத்தாங்க. எங்க ஆளு ஒருத்தன் டாக்டரா வரணும்னு நாங்க கேட்டா அது தப்பா?"

"தப்பே இல்ல. பாஷை தெரிஞ்சவங்களுக்குக் குடு. நானே கையெழுத்துப் போடறேன். ஆனா இந்த வீட்டுல இபான் பாஷை நல்லா பேசுறது யாரு? ரங்காவா, கோகிலாவா?"

எல்லோர் பார்வையும் ரங்காவிடம் போனது. ரங்காவ் இபான் பேசினால் மூன்று சொல்லுக்கு ஒரு சொல் மலாய். கோகிலா பள்ளி விடுமுறையெல்லாம் நீளவீட்டில் கழித்தவள், இபானில் சண்டையே போடுவாள்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றான் ரங்காவ். சோபாவில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "நானா கோடு போட்டேன்? முதல் வருஷம் கிளாஸ்ல எனக்குப் பேரே கிடையாது. 'கோட்டா'ன்னுதான் கூப்பிடுவாங்க."

"இப்ப?"

"அனாடமி பாஸ் பண்ணதுக்கு அப்புறம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

"ரெண்டாவது தடவைதான பாஸ் பண்ணே," என்றாள் கோகிலா.

"பாஸுன்னா பாஸுதான். ரத்தம் கொட்டிக்கிட்டுக் கெடக்குறவன், டாக்டர் எத்தன ஏ எடுத்தாருன்னு கேக்க மாட்டான்."

"நான் கேப்பேன்."

லிங் சிரித்ததில் துவாக் சட்டையில் கொட்டியது. ஜெலியானும் சிரித்தார், ஆனால் அவர் பேச்சை விடுகிறவர் இல்லை. "எங்களுக்கு மட்டும் வாரிக் கொட்டிட்டாங்கன்னு நினைக்காத லிங். எந்தப் பாரத்த வேணா எடுத்துப் பாரு. மலாய்க்காரர், சீனர், இந்தியர், அப்புறம் மற்றவர். அந்த மற்றவர்தான் நாங்க. நீங்கல்லாம் கப்பல்ல வந்து எறங்கும்போது கரையில நின்னு வேடிக்கை பார்த்தவன் இன்னைக்கு மற்றவர்."

"அப்ப இவளையும் மற்றவர் ஆக்கிடு," என்றார் லிங் கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "உனக்குத்தான் பிள்ளை இல்லையே. தத்து எடுத்துக்கோ. வேலை முடிஞ்சுது."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஜெலியான் கோழித்துண்டைக் கீழே வைத்தார்.

"எடுக்கலாம்," என்றார். "நீளவீட்டுல தலைவர் முன்னால வச்சு எடுத்தா, அவர் கடிதம் தருவாரு. அதக் கொண்டுபோய் மாவட்ட அலுவலகத்துல பதிஞ்சா, இபான் பிள்ளை. மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல?"

"அப்ப நான் அவளுக்கு யாரு?" என்றாள் செண்டி. அதுவரை தட்டு எடுத்துக்கொண்டிருந்தவள்.

"அத்தை."

"பெத்து வளத்தவ அத்தையா?"

"காகிதத்துலதான்."

தனபாலன் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இவ ரங்காவுக்குத் தாய்மாமன் மக ஆயிடறா. எங்க ஊர் வழக்கத்துல இவன் இவளுக்கு முறைமாப்பிள்ளை."

"எனக்கு வாந்தி வருது," என்றாள் கோகிலா.

"எனக்கு அதவிட அதிகமா வருது," என்றான் ரங்காவ்.

லிங்குக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும், தமிழர்கள் எப்படி இத்தனை காலம் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

பாத்திரம் கழுவும்போது தனபாலன் மகளிடம் தனியாகக் கேட்டார். "உனக்குச் சம்மதமா?"

"பேரு மட்டும்தானப்பா மாறும். வீட்டுல நீங்கதான் அப்பா. எனக்கு டாக்டராகணும்."

"சரி," என்றார். யோசிக்கிற மாதிரி ஒரு நிமிடம் நடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. மகளின் பெயருக்குப் பின்னால் இருந்து தன் பெயரை எடுத்துவிட்டால் அவளுக்கு ஒரு கதவு திறக்கும் என்றால், எடுக்க வேண்டியதுதான். தப்பு அந்த வெள்ளைச் சட்டையில் தொடங்கியது. அவரே திருத்திவிடலாம். இப்படிக் கணக்குப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. தனக்கென்று எடுத்து வைத்த கறியை மட்டும் தொடாமல் சட்டிக்கே திருப்பினார்.

"என்னை யாரும் கேக்கல," என்றாள் செண்டி.

"உன் அண்ணன்தான?"

"அதனாலதான் சொல்றேன்." அகப்பையைத் தொட்டியில் போட்ட சத்தம் தெரு வரை கேட்டிருக்கும்.

மறுநாள் எல்லோரும் ஜெலியானின் வண்டியில் கிளம்பினார்கள். நியா ஆற்றைத் தாண்டி, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போனார்கள். பின்னால் ரங்காவ் மடியில் ஒரு வெள்ளைச் சேவல், கால் கட்டப்பட்டு, அவனை வெறுப்போடு பார்த்துக்கொண்டு வந்தது. சடங்குக்கு அது வேண்டும்.

நீளவீட்டில் கவாய் மயக்கம் இன்னும் தெளியவில்லை. ருவாய் என்கிற நீண்ட பொதுக்கூடத்தில் பாதிப் பேர் பாயில் கிடந்தார்கள். தலைவர் உங்காங் கால்பந்துச் சட்டை போட்ட குள்ளமான மனிதர். முந்தைய நாள் குடித்ததில் கண் சிவந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் முகம் கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். படுத்திருந்தவர்களும் எழுந்து சுற்றி உட்கார்ந்தார்கள். தத்து என்பது நாலு பேர் பார்க்க நடக்க வேண்டிய காரியம்.

"ஜெலியான், யாரை எடுக்கிறே?"

"தங்கச்சி மக கோகிலாவை."

"பெத்தவங்க குடுக்கிறாங்களா?"

தனபாலன் வாயைத் திறந்தார். "குடுக்கிறேன்," என்ற சொல் வந்தது. செண்டி தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"பிறகு திருப்பிக் கேட்டா அபராதம் உண்டு. தெரியுமா?"

"தெரியும்."

உங்காங் சேவலைக் கையில் வாங்கினார். தத்தெடுப்பில் தலைவர் உரக்கச் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: இந்தப் பிள்ளை இன்ன பிலேக்கிலிருந்து புறப்பட்டு இன்ன பிலேக்கில் நுழைகிறது. பிலேக் என்றால் நீளவீட்டில் ஒரு குடும்பம் இருக்கும் அறை. அந்தக் குடும்பமும் அதுதான். சேவலைத் தூக்கிப் பிடித்தவர் தொடங்கினார். "கோகிலா என்கிற இந்தப் பிள்ளை..." நிறுத்தினார். "எந்த பிலேக்கிலிருந்து புறப்படறா?"

"மிரியிலிருந்து," என்றார் ஜெலியான்.

"மிரி பிலேக்கா? அது ஊரு. இவ அம்மா எந்த பிலேக்?"

"எங்க பிலேக்தான். கூடப் பொறந்தவ."

"கல்யாணமாகிப் போனப்ப புருஷன் பிலேக்குக்குப் போனாளா?"

"இவருக்கு ஏது பிலேக்?"

"அப்ப இவர் வந்தாரா?"

அப்போது தலைவரின் தங்கை, மடியில் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தவள், வாய்விட்டுச் சிரித்தாள். "வந்தாரே. எங்க அப்பாதான் அப்ப தலைவரு. இந்த ஆளு இந்த பிலேக்கில நுழையறாருன்னு சத்தமா சொல்லி, இதே மாதிரி கோழியத் தலைக்கு மேல சுத்தினாரு. இவரு துவாக் தாங்காம அந்தத் தூணுக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தாரு. நான்தான் தண்ணி குடுத்தேன்."

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். தனபாலனும் பார்த்தார். வாந்தி ஞாபகம் இருந்தது. கோழி சுற்றியதும் ஞாபகம் இருந்தது. ஏதோ மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார். தன்னை ஒரு வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

உங்காங் சேவலை இறக்கி ரங்காவின் மடியிலேயே வைத்தார். "முடியாது ஜெலியான். அப்பன் இந்த பிலேக். அம்மா இந்த பிலேக். பிள்ளையும் இந்த பிலேக். உன் பிலேக்கிலிருந்து எடுத்து உன் பிலேக்குக்கே நான் எப்படிக் குடுக்கறது?"

"ஒரு வார்த்தைதான தலைவரே. கவர்மெண்டுக்காக."

"கவர்மெண்டுக்குக் கடிதம் வேணும்னா தரேன். இவ இந்த வீட்டுப் பிள்ளை, இபான், அப்படின்னு எழுதித் தரேன். தத்துன்னு எழுத மாட்டேன். தத்துன்னா வெளியாள்னு ஆயிடும். இவ இங்கதான் நீச்சல் கத்துக்கிட்டா. என் மகனோட மூக்க உடைச்சவ. நான் எப்படி வெளியாளுன்னு சொல்றது?"

"அந்தக் கடிதம் செல்லாது. அவங்களுக்கு அப்பன் இனம்தான் பிள்ளை இனம்."

"அது அவங்க தப்பு. அவங்க தப்புக்கு நான் இங்க பொய் சொல்லணுமா?"

ஜெலியானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருல எவனெவனோ பொய்க் காகிதம் வாங்கி எங்கேயோ போயிட்டான். நம்ம பிள்ளை ஒருத்தி டாக்டராகறதுக்கு ஒரு பொய் சொன்னா வீடு இடிஞ்சிடுமா? கீழ இருக்கிற நீளவீட்டுத் தலைவரு ரெண்டு பாட்டிலுக்குக் கையெழுத்துப் போடுவாரு. நான் அங்க போறேன்."

"போ. வழி தெரியும்ல?"

எல்லோரும் கோகிலாவைப் பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். செண்டியின் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள். தனபாலன் இன்னும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போக வேணாம் மாமா," என்றாள். "இங்க வச்சு நான் இந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிட்டாங்க. இனி அங்க போய் நான் யாருமில்ல, என்னை எடுத்துக்கோங்கன்னு நின்னா நல்லா இருக்காது."

"அப்ப டாக்டரு?"

"ஆறாம் படிவம் போறேன்."

"அதுல முடிச்சாலும் குடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லதான்."

ஜெலியான் சேவலைப் பார்த்தார். "இத என்ன பண்றது?"

"கொண்டு வந்தாச்சு," என்றார் உங்காங். "வேக வை."

சேவல் மூங்கில் குழாயில் இஞ்சியும் மரவள்ளி இலையுமாக வெந்தது. ஜெலியானும் தலைவரும் அதே பாயில் உட்கார்ந்து, பேசிக்கொள்ளாமல் தின்று, இரண்டாவது கோப்பைக்குப் பிறகு பேசிக்கொண்டார்கள். தனபாலனுக்குத் தலைவரின் தங்கை துவாக் ஊற்றிக் கொடுத்தாள். தூண் பக்கத்திலேயே இருக்கிறது, கவலைப்படாமல் குடிக்கலாம் என்றாள்.

திரும்பும்போது தனபாலன் வண்டி ஓட்டினார். ஜெலியான் ஓட்டும் நிலையில் இல்லை. தலைவர் கொடுத்த கடிதம் கோகிலாவின் சட்டைப்பையில் இருந்தது. மேல்முறையீட்டோடு அனுப்பிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

"அப்பா, அன்னைக்கு நீங்க போய்ப் பதியாம இருந்திருந்தா இந்நேரம் நான் மெட்ரிகுலேசிக்குப் பெட்டி கட்டியிருப்பேன்."

"ஆமா."

"எதுக்குப் போனீங்க?"

தனபாலன் ஒரு மர லாரியை முந்தினார். "உன் அண்ணன் சர்டிபிகேட்ல என் பேரு வர வேண்டிய எடத்துல கோடு போட்டிருந்தாங்க. கிரேன்ல உக்காந்தா அதே ஞாபகம். தூக்குற எல்லாச் சங்கிலியும் அந்தக் கோடு மாதிரியே தெரிஞ்சுது. பேசாம போய்ப் பதிஞ்சுட்டேன்."

"அவன் சர்டிபிகேட்ட மாத்தலையா?"

"மாத்தக் குடுக்கலாம்னு இருந்தேன். உங்கம்மா வேணாம்னுட்டா."

"பின்னாடி உதவும்னு அப்பவே சொன்னேன்," என்றாள் செண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"அப்ப அண்ணனுக்கு சீட்டு. எனக்கு அப்பா."

"எனக்கும் அவருதான் அப்பா," என்றான் ரங்காவ் பின்னாலிருந்து. அவன் சட்டையெல்லாம் சேவலின் எச்சம்.

"உனக்குக் கோடு."

"அத நான் டாக்டரானதும் பெயர்ப்பலகையில போட்டுக்கிறேன்."

"முதல்ல ஆகு. உன் எஸ்.டி.பி.எம். புத்தகம்லாம் எங்க?"

"நான் ஏது அதெல்லாம் படிச்சேன்?"

"ஆமால்ல. கோட்டா."

செண்டி சிரித்தாள். தூங்குவதாக நினைத்த ஜெலியானும் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பள்ளிச் சீருடை இன்னும் பத்துமா, இடுப்பில் பிரித்துத் தைக்க வேண்டுமா என்று தாயும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். தனபாலனுக்கு நேற்று வராத பசி எப்போதோ வந்துவிட்டிருந்தது. நியா பாலத்தில் ஏறும்போதுதான் அதைக் கவனித்தார். மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட வேண்டும், பட்டுக்கொண்டும்தான் இருந்தார். ஆனாலும் பசித்தது. கவாய் ஆட்டுக்கறி ஒரு சட்டி மிச்சம் இருந்தது. ஊறியது, நன்றாக இருக்கும். லிங்கையும் கூப்பிட வேண்டும். அந்த ஆள் சும்மா விடமாட்டான், முறைமாப்பிள்ளை என்ன ஆனான் என்று கேட்பான்.